பெட்ரோலா, டீசலா, கரண்டா? கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. திருச்சியில் குடியிருக்கிறேன். முதலில் ஒரு பழைய பெட்ரோல் கார், பிறகு ஒன்பது வருடம் டீசல் கார், இப்போது இரண்டு வருடமாகக் கரண்டு கார் என்று மூன்றையும் ஓட்டிவிட்டதால், சொந்தத்தில் யார் கார் வாங்கக் கிளம்பினாலும் எனக்குப் போன் வருகிறது. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் எழுதி வைத்துவிட்டேன்.

1. பெட்ரோல் வண்டிக்கும் டீசல் வண்டிக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்? ரெண்டும் எண்ணெய்தானே?

இரண்டும் கச்சா எண்ணெயிலிருந்து வருபவைதான், எரிகிற விதம்தான் வேறு. பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி தட்டிப் பற்ற வைக்கும். டீசல் இன்ஜினில் அந்தப் பிளக்கே கிடையாது. காற்றை மட்டும் இழுத்துப் பதினைந்து, பதினாறு மடங்கு நெருக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதிதான். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினும் இப்படித்தான் வேலை செய்தது.

அதிகமாக நெருக்குவதால் அதே சூட்டிலிருந்து கூடுதல் வேலை வாங்க முடிகிறது. போதாததற்கு ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆற்றல் அதிகம். டீசல் வண்டியின் மைலேஜுக்கு இந்த இரண்டும்தான் காரணம். அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க இன்ஜின் கனமாக இருக்க வேண்டும். அதனால் விலை கூடுகிறது, காலையில் ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டுக்கும் தெரிகிறது.

2. கரண்டு காரில் இன்ஜினே இல்லையாமே, அப்ப கியர், ஆயில், சர்வீஸ்?

ஒரு மோட்டார், ஒரு பெரிய பேட்டரி, நடுவில் கரண்டை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர், அவ்வளவுதான். கிளட்ச் இல்லை, இன்ஜின் ஆயில் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. கூலன்ட், பிரேக் ஆயில், ஏசி ஃபில்டர், டயர் இவை உண்டு. டயரை மட்டும் குறைத்து எண்ணாதீர்கள். பேட்டரியால் வண்டி கனம், மோட்டாரும் தொட்டவுடன் இழுக்கும், அதனால் டயர் சீக்கிரம் தேயும்.

மோட்டாருக்குப் போகும் கரண்டில் பத்தில் ஒன்பது பங்கு சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. ஊருக்குள் ஓடும் பெட்ரோல் காரில் கால் பங்கு பயன்பட்டாலே பெரிது. மிச்சமெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகப் போய்விடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கரண்டு காரின் மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பித் தரும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஊரில் இது நல்ல லாபம்.

3. அதெல்லாம் இருக்கட்டும், கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகுது?

சென்னை விலையாக பெட்ரோல் சுமார் 101 ரூபாய், டீசல் சுமார் 92.50 என்று வைத்துக்கொள்கிறேன். விலை மாறினால் நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நடுத்தர அளவு கார், ஊருக்குள்ளும் வெளியேயும் கலந்து ஓட்டினால் பெட்ரோல் 15, டீசல் 18 கி.மீ. கொடுக்கும். கம்பெனி சொல்லும் மைலேஜை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஆக, பெட்ரோலுக்கு கி.மீ.-க்கு 6.70 ரூபாய், டீசலுக்கு 5.15.

வித்தியாசம் ஒன்றரை ரூபாய் சொச்சம்தான் என்பதைக் கவனியுங்கள். 2012 வாக்கில் லிட்டருக்கே முப்பது ரூபாய்க்குக் கிட்டத்தட்ட வித்தியாசம் இருந்தது. ‘டீசல்னா சிக்கனம்’ என்று அப்பா தலைமுறை சொல்வது அந்தக் காலத்துக் கணக்கு.

4. வீட்ல சார்ஜ் போட்டா ஈபி பில் எகிறிடாதா?

எகிறும். எவ்வளவு என்பதில்தான் ஷோரூம்காரர் சொல்வதும் உண்மையும் பிரிகின்றன. அவர் ‘யூனிட் அஞ்சு ரூபாய், ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர்’ என்று சொல்லி, கி.மீ.-க்கு எழுபது பைசா என்பார். தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் படிக்கட்டு மாதிரி ஏறும். காருக்குப் போடும் யூனிட்டெல்லாம் ஏற்கெனவே நீங்கள் நிற்கும் படிக்கு மேலே போய் உட்காரும். ஆகவே, சராசரி விலையை விட்டுவிட்டு மேல்படி விலையில் கணக்குப் போடுங்கள்.

2024 ஜூலை கட்டணப்படி ஒரு உதாரணம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீடு. முதல் 100 இலவசம் போகப் பில் 1,200 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் இரண்டு மாதத்தில் 2,000 கி.மீ. சார்ஜ் ஏறும்போது சூடாக வீணாவதையும் சேர்த்து மீட்டரில் சுமார் 315 யூனிட் கூடும். மொத்தம் 715. இப்போது 500-ஐத் தாண்டிவிட்டதால் 101-லிருந்து 200 வரை கிடைத்த மலிவு விலையும் போச்சு. 101-லிருந்து 400 வரை யூனிட் 4.80, அடுத்த நூறு 6.45, அதற்கடுத்த நூறு 8.55, மிச்சம் 9.65. கூட்டினால் 4,050 ரூபாய். காருக்காகக் கூடியது 2,850 சொச்சம், அதாவது கி.மீ.-க்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஷோரூம் சொன்னதைப்போல இரண்டு மடங்கு, ஆனாலும் பெட்ரோலில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

வீட்டில் ஏற்கெனவே மூன்று ஏசி ஓடி, பில் ஆயிரம் யூனிட்டைத் தாண்டுகிறது என்றால் காரின் ஒவ்வொரு யூனிட்டும் 11.80. அப்போது கி.மீ.-க்கு இரண்டு ரூபாய்க்கு ஒட்டி வரும். மாடியில் சோலார் போட்டவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

5. வெளிய சார்ஜ் போட்டா?

நெடுஞ்சாலை வேகச் சார்ஜரில் வரியோடு யூனிட் இருபது ரூபாயைத் தாண்டுவது சகஜம். 22 ரூபாய் என்றே வைத்து, நெடுஞ்சாலை வேகத்தில் யூனிட்டுக்கு 6 கி.மீ. என்று கணக்கிட்டால் கி.மீ.-க்கு 3.70 வரும். நல்ல சாலையில் 20 கி.மீ. கொடுக்கும் டீசல் காருக்கு 4.60 ஆகிறது. ஒரு ரூபாய்க்குக் குறைவான லாபம். வீட்டில் பிளக் இல்லாமல் முழுக்க வெளிச் சார்ஜரையே நம்பி கரண்டு கார் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

6. அப்ப கூடுதலா கொடுக்கிற விலை எத்தனை வருஷத்துல திரும்பும்?

ஒரே மாடலில் டீசலுக்கு ஒன்றரை லட்சம் கூட என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் பதிலின்படி கி.மீ.-க்கு 1.55 மிச்சம் என்றால், முதல் தேற 97,000 கி.மீ. ஓட வேண்டும். மாதம் ஆயிரம் ஓட்டுபவருக்கு எட்டு வருடம். மூவாயிரம் ஓட்டும் டிராவல்ஸ்காரருக்கு மூன்று வருடம்கூட ஆகாது.

கரண்டு காருக்கு மூன்று லட்சம் கூட என்றால், கி.மீ.-க்கு 5.25 மிச்சம், 57,000 கி.மீ.-இல் சமமாகிவிடும். வரி விஷயத்தையும் பாருங்கள். கரண்டு காருக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம். மற்ற கார்களுக்கு 2025 செப்டம்பரில் வரி மாறி, சிறியவற்றுக்கு 18, பெரியவற்றுக்கு 40 ஆனது. சின்ன பெட்ரோல் கார் இதனால் மலிவாகிவிட்டது. ஆகவே பழைய யூடியூப் கணக்குகளை நம்பாதீர்கள், ஆன்-ரோடு விலை இரண்டையும் எழுதி வாங்கி வந்து கழித்துப் பாருங்கள். கரண்டு காருக்குச் சாலை வரி விலக்கு இன்னும் இருக்கிறதா என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டே முன்பணம் கட்டுங்கள்.

7. ஒரு காலத்துல எல்லாரும் டீசல்தானே வாங்கினாங்க? இப்ப ஏன் கம்பெனிங்களே நிறுத்திட்டாங்க?

மூன்று அடி அடுத்தடுத்து விழுந்தது. முதலாவது, விலை. பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010-இலேயே எடுத்துவிட்டார்கள். டீசலுக்கு 2014 அக்டோபர் வரை இருந்தது. அந்த நாலு வருடம்தான் டீசல் காரின் பொற்காலம். கட்டுப்பாடு போனதும் வித்தியாசம் சுருங்கிவிட்டது.

இரண்டாவது, 2015 செப்டம்பரில் வெடித்த ஃபோக்ஸ்வாகன் விவகாரம். சோதனைக் கூடத்தில் நிற்கிறோம் என்று கண்டுபிடித்து அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருளை உலகெங்கும் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் கார்களில் வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவியைக் காரிலேயே கட்டிக்கொண்டு நிஜச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோதுதான் சந்தேகம் கிளம்பியது. ‘சுத்தமான டீசல்’ என்ற பேச்சு அதோடு முடிந்தது.

மூன்றாவது, 2020 ஏப்ரலில் இந்தியா வண்டிப் புகைக்கான விதியில் பி.எஸ். 4-லிருந்து ஒரே தாவலில் பி.எஸ். 6-க்குப் போனது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்கு ஆனது. புகை வடிகட்டிகள் கட்டாயமாயின. சின்ன டீசல் காரில் இந்தச் செலவை ஏற்றினால் வாங்க ஆள் இருக்காது என்று மாருதி டீசலையே விட்டுவிட்டது. பெரிய எஸ்.யூ.வி., இன்னோவா மாதிரி வண்டிகளில் டீசல் இன்றும் உயிரோடு இருக்கிறது. கனமான வண்டி, நீண்ட தூரம் என்றால் அதற்குப் போட்டி குறைவு.

8. எனக்கு ஆபீஸ் எட்டு கிலோமீட்டர்தான். டீசல் எடுத்தா என்ன தப்பு?

காசும் தேறாது, வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். பி.எஸ். 6 டீசல் காரில் டி.பி.எஃப். என்று ஒரு கரி வடிகட்டி இருக்கிறது. கரி சேர்ந்ததும் அதைச் சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு இன்ஜின் நன்றாகச் சூடேறி, நிற்காமல் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். எட்டு கி.மீ. போய் நிறுத்தினால் எரிப்பது பாதியில் நிற்கும். இப்படியே பல நாள் போனால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு, பிறகு வண்டி இழுக்காமல் போவது, அப்புறம் சர்வீஸ் சென்டர்.

மஞ்சள் விளக்கு வந்தால் பயப்படாமல் பைபாஸில் ஏறி, ஒரு கியர் குறைத்து வைத்து அரை மணி நேரம் சீராக ஓட்டிவிட்டு வாருங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். வாரம் ஒரு முறை ஊருக்குப் போகிறவருக்கு இந்தத் தொல்லை வராது. மெக்கானிக் யாராவது ‘அதைக் கழட்டிடலாம் சார்’ என்றால் கேட்காதீர்கள். அது சட்டப்படி தப்பு. தெருவில் நடக்கும் குழந்தையின் நெஞ்சுக்குள் போகும் கரி அது. டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இலேயே வகைப்படுத்திவிட்டது.

9. டீசல் வண்டியில யூரியா ஊத்தணுமாமே? வயலுக்குப் போடற அதே யூரியாவா?

இதைக் கேட்டது லால்குடியில் விவசாயம் பார்க்கும் சித்தப்பா. ‘மூட்டை வீட்லயே கிடக்குதே’ என்றார். வேண்டவே வேண்டாம் சித்தப்பா. பொருள் யூரியாதான், ஆனால் மிகச் சுத்தமான யூரியா 32.5 சதவீதமும் கனிமம் நீக்கிய தண்ணீரும் கலந்த கரைசல். உர மூட்டை யூரியாவில் வேம்பு எண்ணெய் பூசியிருக்கும். ஒரு தடவை ஊற்றினால் குழாய், பம்பு எல்லாம் வீண். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றத்தான் இந்தக் கரைசல். எல்லா டீசல் காருக்கும் தேவையில்லை. டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி இருந்தால் தேவை. அது தீர்ந்துபோனால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்பதால் எச்சரிக்கை வந்ததும் ஊற்றிவிட வேண்டும்.

10. பத்து வருஷம் ஆனா டீசல் காரை ஓட்டவிட மாட்டாங்களாமே?

அது டெல்லியும் அதைச் சுற்றிய பகுதியும். பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் போட்ட உத்தரவை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து வருடம். பின்னாலும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. தமிழ்நாட்டில் அந்த விதி கிடையாது. பதினைந்து வருடம் முடிந்ததும் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். டெல்லிக் கார் மலிவாகக் கிடைக்கிறது என்று இங்கே ஓட்டி வருகிறார்களே, அதன் காரணமும் இதுதான். வாங்குவதற்கு முன் தடையில்லாச் சான்று, அடிப்பாகத் துரு, எட்டாம் பதிலில் சொன்ன வடிகட்டி மூன்றையும் பாருங்கள்.

11. சார்ஜ் போட வீட்ல தனி லைன் இழுக்கணுமா?

ஏசிக்குப் போடும் மாதிரி 16 ஆம்பியர் பிளக் போதும், ஆனால் அதற்கு மெயினிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும். இப்படிப் போட்டால் 45 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிறையப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினம் நாற்பது கி.மீ. ஓட்டுபவருக்கு இரவில் மூன்று மணி நேரம் போட்டாலே போதும், அதனால் இதை ஒரு குறையாக எடுக்க வேண்டாம். 7 கிலோவாட் சுவர் சார்ஜர் வைத்தால் ஏழு மணி நேரத்துக்குள் நிறையும், அதற்கு ஈபி-யில் அனுமதிக்கப்பட்ட லோடைக் கூட்ட வேண்டி வரும்.

எனக்குச் சிக்கல் வந்தது எர்த்தில். சார்ஜரைச் செருகினால் சிவப்பு விளக்கு. கார் கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு ‘எங்க வண்டியில ஒண்ணுமில்ல’ என்று போய்விட்டார். பிறகு எங்கள் தெரு எலக்ட்ரீஷியன்தான் கொல்லைப்புற எர்த் குழி வறண்டுகிடப்பதைக் கண்டுபிடித்தார். உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் பச்சை எரிந்தது. கார் வருவதற்கு முன்பே எர்த்தைச் சோதித்துவிடுங்கள்.

12. நாங்க அபார்ட்மென்ட். அசோசியேஷன்ல விடமாட்டேங்கறாங்க.

அவர்கள் பயம் பெரும்பாலும் ‘பொதுக் கரண்டில் போட்டுக்கொள்வார்’ என்பதுதான். நம் ஊர் அடுக்ககங்களில் எல்லா வீட்டு ஈபி மீட்டரும் கீழ்த்தளத்தில் ஒரே பலகையில் இருக்கும். உங்கள் மீட்டரிலிருந்தே குழாய்க்குள் வயர் இழுத்து உங்கள் பார்க்கிங் தூணில் பூட்டு போட்ட பெட்டியில் பிளக் வையுங்கள். பில் உங்களுக்கே வரும். இதைப் படம் போட்டு எழுதிக் கொடுத்தால் பாதிச் சண்டை தீரும். கரண்டு போனால் ஜெனரேட்டரில் சார்ஜ் ஏறாதபடி இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டீசலை எரித்துக் கரண்டு கார் ஓட்டின பெருமை உங்களுக்கு வந்து சேரும்.

13. கம்பெனிக்காரன் 450 கிலோமீட்டர்னு சொல்றான். சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரே மூச்சுல போயிடலாமா?

போக முடியாது. சோதனைக் கூட எண்ணிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். நெடுஞ்சாலையில் 100-இல் போனால் இன்னும் குறையும். கரண்டு கார் ஊருக்குள் அதிகம் ஓடி, வெளிச்சாலையில் குறைவாக ஓடும். பெட்ரோல் கார் நடந்துகொள்வதற்கு நேர்மாறு.

45 யூனிட் பேட்டரி, யூனிட்டுக்கு 6 கி.மீ. என்றால் முழுசாக 270. சென்னையிலிருந்து மதுரை 460 கி.மீ. நான் செய்வது இது: முழுச் சார்ஜில் கிளம்பி உளுந்தூர்பேட்டையில் காலை டிபன், அங்கே 80 சதவீதம் வரை ஏற்றுவேன். அதற்கு மேல் ஏறும் வேகம் படுத்துவிடும், காத்திருப்பது வீண். அப்புறம் திருச்சியில் ஒரு காபி. இரண்டு நிறுத்தம், மொத்தம் ஒன்றரை மணி நேரம் கூட. டீசல் காரில் நிற்காமல் போய், அதே டேங்கில் திரும்பும் வழியில் பாதிக்கு மேல் வந்துவிடலாம். தீபாவளி, பொங்கல் நாளில் சார்ஜருக்கு முன் வரிசை நிற்கும். அன்றைக்கு எனக்கே பழைய டீசல் வண்டி ஞாபகம் வரும். சார்ஜிங் ஆப் இரண்டு, மூன்று போனில் இருக்கட்டும். ஒன்றில் காசு கட்டியும் சார்ஜ் ஏறாமல் ஒரு ஹோட்டல் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன்.

14. மலை ஏறுமா? ஊட்டிக்குப் போற வழியில நின்னுடாதா?

ஏறுவதில் கரண்டு காரை அடிக்க ஆளில்லை, கொண்டை ஊசி வளைவில் கியர் தேட வேண்டியதில்லை. ஆனால் சார்ஜ் இறங்கும் வேகம் பகீர் என்றிருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஐம்பது கி.மீ., ஏற்றம் சுமார் 1,900 மீட்டர். 1,700 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்கவே 9 யூனிட் தேவை. வழக்கமாக ஓடும் செலவையும் சேர்த்தால் 17 யூனிட் வரை போகும். மேட்டுப்பாளையத்தில் பாதிச் சார்ஜ் இருந்தால் கவலையில்லை.

இறங்கும்போது கிட்டத்தட்டச் செலவே இருக்காது, சில சதவீதம் ஏறவும் ஏறும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஊட்டியில் ராத்திரி 100 சதவீதம் போட்டுவிட்டுக் காலையில் இறங்கினால் பேட்டரியில் இடம் இருக்காது, இரண்டாம் பதிலில் சொன்ன ஜெனரேட்டர் வேலையும் நடக்காது. முழு பாரமும் பிரேக்குக்குப் போய்விடும். மேலே 80 சதவீதத்தில் நிறுத்திவிடுங்கள்.

15. வெள்ளத்துல மாட்டினா ஷாக் அடிக்குமா?

2015-ஐயும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்கள் இதைக் கேட்காமல் விட மாட்டார்கள். பேட்டரிப் பெட்டி தண்ணீர் புகாதபடி மூடியது. அதன் கரண்டு வண்டியின் உடம்போடு தொடர்பில்லாமல் தனியாக ஓடுகிறது, எங்காவது கசிந்தால் தானே துண்டித்துக்கொள்ளும். தண்ணீருக்குள் இறங்கினால் சக்கரத்தைத் தொட்டவர் தூக்கி எறியப்படுவார் என்பதெல்லாம் கதை.

உண்மையில் வெள்ளத்தில் முதலில் சாவது பெட்ரோல், டீசல் இன்ஜின்தான். காற்று இழுக்கும் வழியில் தண்ணீர் புகுந்தால் அதை நெருக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். நின்றுபோன வண்டியை மறுபடி சாவி போட்டால் சோலி முடிந்தது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டாதவருக்கு இன்சூரன்ஸும் கை விரிக்கும். கரண்டு கார் மூழ்கி எழுந்தால் சார்ஜ் போடாமல், ஓட்டாமல், கயிறு கட்டி இழுக்காமல், லாரியில் ஏற்றி அனுப்புங்கள். எந்தக் காரானாலும் மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதைத்தான் நான் பின்பற்றுவேன்.

16. பேட்டரி தீப்பிடிக்கிற வீடியோவா வருதே? அதுவும் இல்லாம அஞ்சு வருஷத்துல பேட்டரி போச்சுன்னா?

2022 வெயில் காலத்தில் ஸ்கூட்டர்கள் எரிந்தது நிஜம். அதன் பிறகு மத்திய அரசு பேட்டரிச் சோதனை விதிகளை இறுக்கியது. பெட்ரோல் காரும் எரிகிறது, ஆனால் அது செய்தி ஆவதில்லை. பேட்டரித் தீயை அணைப்பது கஷ்டம், அணைந்த பிறகும் மறுபடி பற்றும், அது உண்மைதான். நம் ஊர் கார்களில் நிறைய வருவது எல்.எஃப்.பி. வகை. லித்தியம், இரும்பு, பாஸ்பேட் சேர்ந்தது. மற்ற வகையைவிடச் சூட்டைத் தாங்கும், ஆயுளும் அதிகம். இந்த வகைக்கு விதை போட்ட ஆராய்ச்சியில் நம்மூர்க்காரர் ஒருவருக்குப் பங்குண்டு. தென் தமிழ்நாட்டு அமராபுரத்தில் பிறந்த பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம், லித்தியம் பேட்டரிக்கு வழி வகுத்த அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்எனஃபோடு சேர்ந்து வேலை செய்தவர். குட்எனஃபுக்கு 2019-இல் நோபல் கிடைத்தபோது அவர் சார்பில் உரையாற்றியதும் இவரே.

ஆயுளுக்கு வருவோம். திடீரென்று ஒருநாள் செத்துப்போவது அபூர்வம், வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளளவு குறையும். எட்டு வருடம் அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் பரவலாகக் கிடைக்கிறது, ‘எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றுவீர்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். உத்தரவாதம் முடிந்து பேட்டரி முழுசாகப் போனால் செலவு லட்சங்களில்தான், மறைக்க மாட்டேன். இதனால்தான் பழைய கரண்டு காருக்கு மறுவிற்பனை விலை இன்னும் நிலைக்கவில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை கார் மாற்றும் பழக்கம் உள்ளவர் யோசித்துக்கொள்ளட்டும்.

17. கரண்டே நிலக்கரியில வருது. அப்ப புகை குறைஞ்ச மாதிரி ஏமாத்தறதுதானே இது?

நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே சொல்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டீசலுக்கு 2.7. மூன்றாம் பதிலின் மைலேஜுக்கு இரண்டுமே கி.மீ.-க்கு 150 கிராமை ஒட்டி வருகின்றன. கச்சா எண்ணெய் எடுத்து, சுத்திகரித்து, டேங்கரில் கொண்டுவருவது தனி. இந்திய மின்சாரம் சராசரியாக யூனிட்டுக்கு 0.72 கிலோ. சார்ஜ் இழப்பு, கம்பி இழப்பு எல்லாம் சேர்த்தாலும் கரண்டு காருக்கு 130 கிராம் வாக்கில். குறைவுதான், ஆனால் ‘சுழியப் புகை’ என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வது அதிகப்பிரசங்கித்தனம். பேட்டரி தயாரிப்பதிலேயே ஒரு பெரிய புகைக் கணக்கு முன்கூட்டி இருக்கிறது. அதிகம் ஓட்டினால்தான் அது ஈடாகும்.

நகரத் தெருவில் மூக்குக்கு முன் வரும் கரிப்புகை நின்றுவிடுகிறது, எண்ணூரிலும் நெய்வேலியிலும் இருப்பவர்களுக்கு அது நிற்கவில்லை. ஆடி மாதம் ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் சுற்றும்போது நம் கரண்டு கொஞ்சம் சுத்தமாகும். வாங்கிய பெட்ரோல் கார் பத்து வருடம் போனாலும் அதே பெட்ரோலைத்தான் குடிக்கும். கரண்டு கார் மட்டும், மின்வாரியம் மாறினால் தானும் மாறிக்கொள்ளும்.

18. எத்தனால் கலந்த பெட்ரோல்ல மைலேஜ் குறையுதே, அதுக்காகவே மாறிடலாமா?

20 சதவீதக் கலப்பு இப்போது எல்லா பங்க்கிலும் வந்துவிட்டது. எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே கலவையில் ஆறேழு சதவீதம் குறையும். 15 கொடுத்த கார் 14 கொடுக்கும். இதற்காகவே காரை மாற்றினால் தலைவலிக்குத் தலையை வெட்டின கதை. 2023-க்கு முந்தைய வண்டி என்றால் ரப்பர் குழாய்களைச் சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.

19. பங்க்ல டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுட்டான். பாதி டேங்க்தான், ஓட்டிடலாமா?

ஸ்டார்ட் செய்யாதீர்கள், சாவியை ஆன் நிலைக்குக்கூடத் திருப்பாதீர்கள். டீசல்தான் இன்ஜினுக்கு எரிபொருளைத் தள்ளும் உயர் அழுத்தப் பம்புக்கு எண்ணெய் மாதிரி வழவழப்பும் தருகிறது. பெட்ரோல் போனால் உலோகம் உலோகத்தோடு உரசி, துகள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை போய்விடும். தள்ளி ஓரமாக நிறுத்தி, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, டேங்கைக் காலி செய்ய ஆள் வரவழையுங்கள். ஓட்டாதவரை சில ஆயிரத்தில் முடியும். பெட்ரோல் வண்டியில் டீசல் போட்டாலும் இதே வைத்தியம், சேதம் மட்டும் குறைவு.

20. பேட்டரி 80 சதவீதம் காட்டுச்சு, ஊருக்குப் போயிட்டு வந்து பார்த்தா கரண்டு கார் கதவே திறக்கல. எப்படி?

பெரிய பேட்டரி நன்றாகத்தான் இருக்கும். செத்தது சின்ன 12 வோல்ட் பேட்டரி. கதவுப் பூட்டு, திரை, பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்ச் எல்லாவற்றையும் எழுப்புவது அந்தச் சின்னதுதான். சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் எழுந்துகொள்ளும். மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுங்கள்.

21. எல்லாம் சரி மாமா, நான் எதை எடுக்கட்டும்?

தினம் எவ்வளவு ஓடுகிறது, ராத்திரி கார் எங்கே நிற்கிறது, இந்த இரண்டையும்தான் நான் திருப்பிக் கேட்பேன். இதைக் கேட்ட அக்கா மகள் சென்னையில் தெருவோரம் கார் நிறுத்துகிறாள், மாதம் 400 கி.மீ. சின்ன பெட்ரோல் கார் எடுத்தாள். லால்குடிச் சித்தப்பா மகன் வாரம் இரண்டு தடவை பெங்களூருக்கு ஆள் ஏற்றிப் போகிறான். அவன் டீசல், யூரியா மூட்டையை மட்டும் பக்கத்தில் விடவில்லை. என் தம்பிக்குத் தனி வீடு, காலேஜுக்குப் போக வர ஐம்பது கி.மீ. கரண்டு கார் புக் பண்ணியிருக்கிறான். போன வாரம் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போய் அவன் வீட்டு எர்த்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.